ஆமேசான் காட்டின் ‘ஆவிக் கொடி’

இரவு நேரம். நாலு பக்கமும் காடு. ஓலை வேய்ந்த பெரிய வட்டக் குடிசை. விளக்கை அணைத்துவிட்டார்கள். தரையில் பாய் விரித்துப் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு வாளி. வாளி எதற்கு? வாந்தி எடுப்பதற்கு!

நடுவில் ஒரு கிழவர். காட்டுப் புகையிலையில் சுருட்டிய தடித்த சுருட்டைப் பற்றவைக்கிறார். ஒரு குப்பியின் மூடியைத் திறந்து, அதன் வாயில் மெல்லப் புகையை ஊதுகிறார். பிறகு ஒரு சிறு கிண்ணத்தில் ஊற்றி, ஒவ்வொருவரையும் அழைத்துக் கொடுக்கிறார். பழுப்பு நிறத்தில் குழம்பு போன்ற கஷாயம். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு. குடித்தவர்களின் முகம் சுண்டிப் போகிறது.

அரை மணி நேரம் ஒன்றும் நடப்பதில்லை. தவளைச் சத்தம் மட்டும் கேட்கிறது. பிறகு ஒரு மூலையில் ஒருவர் குமட்டுகிறார். இன்னொருவர் விம்மி அழுகிறார். வேறொருவர் சிரிக்கிறார். மூடிய கண்ணுக்குள் வண்ண வண்ணக் கோலங்கள், பாம்புகள், செத்துப்போன தாய் தகப்பன்மாரின் முகங்கள்! அந்த இருட்டில் கிழவர் பாடத் தொடங்குகிறார். காய்ந்த இலைக்கொத்து ஒன்றை அசைத்து அசைத்து, மணிக்கணக்கில் பாடுகிறார்.

பெரு தேசத்தில் உகாயாலி ஆற்றங்கரையில் வாழும் ஷிபிபோ மக்களின் வைத்தியம் இது. கஷாயத்தின் பெயர் ‘அயவாஸ்கா’. கெச்சுவா மொழியில் ‘ஆயா’ என்றால் ஆவி, செத்தவர். ‘வாஸ்கா’ என்றால் கொடி, கயிறு. ஆவிக் கொடி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

பெரு, பிரேஸில், கொலம்பியா, ஈக்குவடார், பொலிவியா ஆகிய தேசங்களின் காடுகளில் எத்தனையோ இனத்தார் இதைக் காய்ச்சுகிறார்கள். கொலம்பியாவில் ‘யாஹே’ என்பார்கள். ஈக்குவடாரின் ஷுவார் மக்களுக்கு இது ‘நாதெம்’. பெயர்தான் வேறு, கொடி ஒன்றே.

இந்தக் கஷாயத்தை நாடி இன்று ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் விமானம் ஏறி வருகிறார்கள். சிலர் குணமாகித் திரும்புகிறார்கள். சிலர் பிணமாகத் திரும்பியிருக்கிறார்கள். இது மருந்தா, மயக்கப் பொருளா? காடு இதற்கு ஒரு பதில் சொல்கிறது. ஆனால் அந்தப் பதில் கஷாயக் குப்பிக்குள் இல்லை.

இரண்டு செடிகளின் கூட்டு

முதலில் சமையலைப் பார்ப்போம்.

கொடியை வெட்டித் துண்டு போடுகிறார்கள். கனமான மரக்கட்டையால் நைய நசுக்குகிறார்கள். நார் நாராகப் பிரிந்ததும் பெரிய பானையில் போட்டு, அதன்மேல் ‘சக்ருணா’ என்ற செடியின் இலைகளைப் பரப்புகிறார்கள். மறுபடி கொடி, மறுபடி இலை. பானை நிறையத் தண்ணீர் ஊற்றி, விறகடுப்பில் மணிக்கணக்காகக் கொதிக்கவிட்டுச் சுண்டக் காய்ச்சுகிறார்கள். வடிகட்டி, மறுபடியும் காய்ச்சுகிறார்கள். பானை நிறைய இருந்தது கடைசியில் சில குப்பிகளில் அடங்கிவிடுகிறது.

சக்ருணா ஒன்றும் நமக்கு முற்றிலும் அன்னியமல்ல. நாம் காலையில் குடிக்கும் காபி எந்தச் செடிக் குடும்பமோ, அதே குடும்பம்தான். ஆனால் அதன் இலையில் இருக்கும் சரக்கு வேறு. டி.எம்.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ரசாயனம் அதில் இருக்கிறது. மூளையில் காட்சிகளை உண்டாக்குவது அதுதான்.

இங்கேதான் ஓர் அதிசயம். அந்த இலையை மட்டும் வேகவைத்துக் குடித்தால் ஒன்றுமே நேராது! நம் குடலிலும் ஈரலிலும் மோனோ அமீன் ஆக்சிடேஸ் என்ற ஒரு நொதிப்பொருள் காவல்காரனைப் போல உட்கார்ந்திருக்கிறது. உள்ளே வருகிற டி.எம்.டி.யை அது உடனே சிதைத்துவிடும். மூளைக்குப் போக விடாது.

கொடி என்ன செய்கிறது? அதில் ஹார்மின், ஹார்மலின் என்ற சத்துக்கள் இருக்கின்றன. அவை அந்தக் காவல்காரனைச் சில மணி நேரம் கட்டிப்போட்டுவிடுகின்றன. அந்த இடைவெளியில் இலையின் சத்து ரத்தத்தில் கலந்து மூளையை எட்டுகிறது. நாலு மணி நேரம், சில சமயம் ஆறு மணி நேரம் காட்சி நீடிக்கிறது. பிறகு காவல்காரன் கட்டு அவிழ்ந்து எழுந்துகொள்கிறான்.

இந்த ரகசியத்தை 1980-களில்தான் ஆராய்ச்சிசாலையில் சோதித்து உறுதி செய்தார்கள். காட்டு மக்களோ அதற்கு எவ்வளவோ முன்பே கொடியையும் இலையையும் ஒரே பானையில் போட்டுவிட்டார்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால், “செடியே சொல்லிக் கொடுத்தது” என்பார்கள். நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். கொடியை மட்டும் காய்ச்சிக் குடிக்கும் இனங்களும் அங்கே உண்டு. குடித்தால் வாந்தியும் பேதியும் ஆகி, வயிறு சுத்தமாகும். அப்படிக் குடித்து வந்தவர்கள், அதோடு இந்த இலை, அந்த இலை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்திருப்பார்கள். ஒரு நாள் சக்ருணா கிடைத்திருக்கும். நம் பாட்டிமார்கள் ரசத்துக்கும் கஷாயத்துக்கும் சேர்மானம் கண்டுபிடித்ததும் வேறு எப்படி?

ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. காட்சி தருவது இலை என்கிறது விஞ்ஞானம். அந்த மக்களோ கஷாயத்துக்குக் கொடியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் கொடிதான் குரு. இலை, குரு பாடம் சொல்லும்போது பிடிக்கிற விளக்கு!

எத்தனை காலமாக இது நடக்கிறது? பொலிவியாவின் மலைக் குகை ஒன்றில் 1,000 ஆண்டுகளுக்கு முந்திய தோல் பை ஒன்று கிடைத்தது. மூன்று நரிகளின் மூக்குப் பகுதித் தோலைச் சேர்த்துத் தைத்த பை! சோதித்தபோது ஹார்மினும் டி.எம்.டி.யும் அந்தப் பையில் ஒட்டிக்கொண்டிருந்தன. 2019-ல் இந்தச் செய்தி வெளியாயிற்று. ஆனால் அந்தக் காலத்தில் இரண்டையும் சேர்த்துக் காய்ச்சிக் குடித்தார்கள் என்பதற்கு அந்தப் பை சாட்சி ஆகாது. இப்போது நாம் காணும் சடங்கு சில நூற்றாண்டுகளுக்குள் பரவியதுதான் என்று வாதாடும் அறிஞர்களும் உண்டு.

ஆங்கிலேயர் குடித்த கிண்ணம்

வெளி உலகுக்கு இந்தக் கொடியை முதலில் முறையாக அறிமுகம் செய்தவர் ரிச்சர்டு ஸ்புரூஸ் என்ற ஆங்கிலேயர். யார்க்ஷயரில் பிறந்தவர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். பாசி வகைகளை ஆராய்வதில் அவருக்கு அலாதி மோகம். 1849-ல் ஆமேசானுக்குக் கப்பல் ஏறியவர் 15 ஆண்டுகள் அங்கேயே சுற்றினார்.

1852-ம் ஆண்டு நவம்பர் மாதம். பிரேஸிலின் வாவ்பேஸ் ஆற்றங்கரையில் ஒரு விருந்து. இளைஞர்கள் இந்தக் கஷாயத்தைக் குடித்ததும் முகம் வெளுத்து, உடல் நடுங்கி, வேர்த்து விறுவிறுத்து, ஆயுதங்களை எடுத்து நிலைப்படியில் ஓங்கி ஓங்கி அடித்ததை அவர் பார்த்தார். பத்து நிமிஷம் சென்றதும் அமைதியாகிவிட்டார்களாம். அவருக்கும் ஒரு கிண்ணம் வந்தது. முழுவதும் குடித்து அனுபவத்தை எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டார். பாதி அளவான ஒரு கிண்ணத்தைக் குடித்ததுமே, உபசாரம் என்ற பெயரில் மரவள்ளிக் கள்ளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதைத் தொடர்ந்து ஒரு பெரிய சுருட்டு. அதைத் தொடர்ந்து பனைக் கள்! மனிதருக்கு வயிற்றைப் புரட்டியதுதான் மிச்சம். காட்சி ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆனாலும் கொடியின் துண்டுகளை அவர் இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்தார். நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1969-ல், அந்தத் துண்டுகளைச் சோதித்த முடிவு வெளியாயிற்று. உலர்ந்து சருகான பிறகும் சத்து அதில் அப்படியே இருந்தது!

இந்த ஸ்புரூஸுக்கும் நம் நீலகிரிக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. மலேரியாவுக்குக் கொய்னா மருந்து தரும் சிங்கோனா மரம் தென் அமெரிக்க மலைகளுக்குச் சொந்தமானது. 1860-ல் ஈக்குவடார் மலைச்சாரலில் அதன் விதைகளையும் நூற்றுக்கணக்கான கன்றுகளையும் சேகரித்தவர் இதே ஸ்புரூஸ்தான். அவற்றைக் கப்பலேற்றி 1861-ல் உதகமண்டலத்துக்குக் கொண்டுவந்தார்கள். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சிங்கோனாத் தோட்டங்கள் எழுந்த கதை அதுதான். நம் மக்களின் குளிர்சுரத்தை ஆற்றிய மருந்து அந்தக் காட்டிலிருந்து வந்தது. அந்தக் காட்டுக்காரர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், பதில் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

கொய்னாவைப் பட்டையிலிருந்து பிரித்து மாத்திரையாக்கினார்கள். மாத்திரையும் வேலை செய்தது. ஆவிக் கொடியின் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை.

நோயாளிக்குக் கிண்ணம் கிடையாது!

மருந்தை யார் குடிப்பது? நோயாளி குடிப்பது என்பது நமக்குத் தெரிந்த வழக்கம். ஆமேசானின் பல இனங்களில் முற்காலத்தில் வழக்கம் வேறு. கஷாயத்தைக் குடித்தவர் வைத்தியர்! நோயாளி பக்கத்தில் படுத்துக் கிடப்பான்.

காரணம் என்ன? கஷாயத்தை அவர்கள் மருந்து என்பதைவிடக் கண்ணாடி என்றே நினைத்தார்கள். நோயின் வேர் எங்கே என்று பார்ப்பதற்கு வைத்தியர் அதை அணிந்துகொள்கிறார். பயந்ததனால் உயிர்ச்சத்து உடலை விட்டுப் போய்விட்டதா? பொறாமைக்காரன் எவனாவது கண்ணுக்குத் தெரியாத முள்ளை ஏவிவிட்டானா? காட்டில் செய்யக் கூடாததைச் செய்து, அதற்குரிய ஆவியின் கோபத்துக்கு ஆளானானா? வைத்தியர் பார்த்துச் சொல்வார். புகையிலைப் புகையை ஊதுவார். வலிக்கும் இடத்தில் வாயை வைத்து உறிஞ்சி, முள்ளை எடுத்துத் துப்புவார். எல்லாவற்றுக்கும் மேலாக, பாடுவார்.

அந்தப் பாட்டுக்கு ‘இகாரோ’ என்று பெயர். பெருவின் வைத்தியர்களைக் கேட்டால், குணப்படுத்துவது பாட்டு என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு செடிக்கும் ஒரு பாட்டு. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு பாட்டு. காட்சி பயங்கரமாகப் போனால் அதைத் தணிப்பதற்கு ஒரு பாட்டு. தணிந்து கிடந்தால் எழுப்புவதற்கு ஒன்று. ஷிபிபோப் பெண்கள் துணியிலும் பானையிலும் பின்னலும் சிக்கலுமாகக் கோலம் தீட்டுவார்கள். நோயாளியின் உடம்பிலும் அப்படி ஒரு கோலம் உண்டு, நோய் அதைக் கலைத்துவிடுகிறது, பாட்டு அதைத் திரும்ப இழையிழையாக எழுதுகிறது என்பது அவர்கள் நம்பிக்கை.

இந்தப் பாட்டுகளை எப்படிக் கற்கிறார்கள்? பத்தியம் இருந்து! உப்பு இல்லை. சர்க்கரை இல்லை. மிளகாய் இல்லை. பன்றி இறைச்சி, மது, பெண் சுகம் எதுவும் இல்லை. வெந்த பச்சை வாழைக்காயும், சில வகைச் சின்ன மீனும்தான் சாப்பாடு. ஊரை விட்டு ஒதுங்கி, காட்டுக் குடிசையில் தனியே கிடக்க வேண்டும். எந்தச் செடியைக் கற்க வேண்டுமோ அந்தச் செடியின் சாற்றைக் குடித்துக்கொண்டு மாதக்கணக்கில் இருக்க வேண்டும். இப்படிப் பல செடிகள். முழு வைத்தியர் ஆவதற்கு ஆண்டுகள் பிடிக்கும். ஒரு கஷாயம் காய்ச்சத் தெரிந்தவர் எல்லாம் அங்கே வைத்தியர் அல்ல.

எல்லாம் தெய்வீகம் என்று நினைத்துவிட வேண்டாம். இதே கஷாயத்தைக் குடித்து வேட்டைக்குக் குறி பார்த்தவர்கள் உண்டு. பகைவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று பார்த்தவர்கள் உண்டு. முள்ளை எடுக்கத் தெரிந்தவனுக்கு முள்ளை ஏவவும் தெரியும் என்று ஊர் பயப்படுவதும் உண்டு. அதனால்தான் யாரிடம் கிண்ணத்தை வாங்குகிறோம் என்பதில் அந்த மக்கள் அவ்வளவு எச்சரிக்கை. அவனுடைய குடும்பம், குரு, நடத்தை எல்லாம் ஊருக்குத் தெரியும். ஒருவன் கெட்டுப் போனால் அதுவும் தெரியும்.

ரப்பர் காட்டிலிருந்து நீதிமன்றம் வரை

19-ம் நூற்றாண்டின் கடைசியில் உலகத்துக்கு ரப்பர் பைத்தியம் பிடித்தது. ஆமேசான் காட்டுக்குள் ஆயிரக்கணக்கில் கூலிகள் போனார்கள். காட்டு மக்களைச் சவுக்கால் அடித்து வேலை வாங்கிய கொடுமைகள் நடந்தன. புதுமாயோ ஆற்றுப் பகுதியில் நடந்த அக்கிரமங்களை விசாரித்த ரோஜர் கேஸ்மெண்டின் அறிக்கை 1912-ல் வெளிவந்து உலகையே உலுக்கியது.

டாக்டர் இல்லாத அந்த ரப்பர் காட்டில் கூலிக்காரனுக்குக் காய்ச்சல் வந்தால் யாரிடம் போவான்? காட்டு வைத்தியரிடம்தான். அப்படிப் போனவர்களில் சிலர் கஷாயத்தையும் கற்றுக்கொண்டார்கள்.

அவர்களில் ஒருவர் ராய்முந்தோ இரினேயு செர்ரா. அடிமைகளின் வம்சத்தில் வந்த நீக்ரோ, நல்ல உயரம். பிரேஸிலின் வடகிழக்கிலிருந்து ஆக்ரே மாகாணத்துக்கு ரப்பர் பால் எடுக்க வந்தவர். கஷாயம் குடித்தபோது சந்திரனில் ஒரு தேவி தோன்றினாள் என்றும், அவள் சொற்படி காட்டில் எட்டு நாள் உப்பில்லா மரவள்ளிக் கிழங்கை மட்டும் தின்று விரதம் இருந்தார் என்றும் அவருடைய சீடர்கள் சொல்கிறார்கள். 1930-ல் அவர் ஒரு வழிபாட்டைத் தொடங்கினார். கிறிஸ்தவ ஜெபமும், ஆப்பிரிக்க மரபும், காட்டுக் கஷாயமும் கலந்த வழிபாடு. வெள்ளுடை உடுத்தி, வரிசையாக நின்று, துதி பாடி ஆடுவார்கள். ‘சாந்தோ தைமே’ என்று அதற்குப் பெயர். ‘தைமே’ என்றால் ‘எனக்குத் தா’. வலிமை தா, அன்பு தா என்று கேட்பது.

1961-ல் ஜோஸே கப்ரியேல் தா கோஸ்தா என்ற இன்னொரு ரப்பர் தொழிலாளி இன்னொரு சபையைத் தொடங்கினார். இந்தச் சபை அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் கிளைவிட்டது. அங்கே 1999-ல் சுங்க அதிகாரிகள் கஷாயத்தைப் பறிமுதல் செய்தார்கள். சபையோ சளைக்கவில்லை. சுமார் 130 அங்கத்தினர்களே கொண்ட சிறு சபை, அமெரிக்க சர்க்காரை எதிர்த்து வழக்காடியது! 2006-ல் சுப்ரீம் கோர்ட்டு ஏகமனதாகச் சபையின் பக்கம் தீர்ப்பளித்தது. பிரேஸில் சர்க்காரும் 1987-ல் தடையை நீக்கிவிட்டது. பெரு, 2008-ல், காட்டு மக்களின் இந்த வைத்திய அறிவையும் வழக்கத்தையும் தேசத்தின் பண்பாட்டுச் சொத்து என்று பிரகடனம் செய்தது.

நம் நாட்டில் நிலைமை வேறு. 1985-ம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்தின் பட்டியலில் டி.எம்.டி. இருக்கிறது. வைத்திருந்தால் குற்றம்.

கொடிக்கு ஒரு சொந்தக்காரர்

1986-ல் ஒரு வேடிக்கை நடந்தது. அமெரிக்கர் ஒருவர் இந்தக் கொடியில் ஒரு வகைக்குத் தம் பெயரில் பேட்டண்டு வாங்கிவிட்டார்! ஈக்குவடாரில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் வளர்ந்த கொடியை எடுத்துவந்து, பூவின் நிறம் வேறு, புது ரகம் என்று எழுதிக் கொடுத்தார். சர்க்கார் முத்திரையும் விழுந்தது.

காட்டு மக்களுக்கு இது தெரியவே பல வருஷங்கள் ஆயின. தெரிந்ததும் கொதித்தார்கள். ஆமேசான் இனங்களின் கூட்டமைப்பு வழக்கறிஞர்களை வைத்து மனுப் போட்டது. 1999-ல் பேட்டண்டு தள்ளுபடி ஆயிற்று. கதை முடிந்தது என்று நினைத்தால், 2001-ல் திரும்பவும் அவருக்கே கொடுத்துவிட்டார்கள்! 2003-ல் காலாவதி ஆனபோதுதான் விவகாரம் ஓய்ந்தது. புண்ணை ஆற்றும் நம் மஞ்சளுக்கு அமெரிக்காவில் கொடுத்த பேட்டண்டை நம் விஞ்ஞானிகள் வழக்காடி 1997-ல் ரத்து செய்ய வைத்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். நமக்குச் சர்க்காரின் பலம் இருந்தது. பழைய ஏடுகளும் இருந்தன. பாட்டில் மட்டும் அறிவை வைத்திருப்பவன் எந்த ஏட்டைக் காட்டுவான்?

ஆஸ்பத்திரியில் ஒரு பரீட்சை

சரி, கஷாயம் உண்மையில் குணப்படுத்துகிறதா? பாட்டையும் நம்பிக்கையையும் ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால்?

பிரேஸிலில் நாதால் நகரத்துப் பல்கலைக்கழக டாக்டர்கள் இதைச் சோதித்தார்கள். 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். தீராத மனச்சோர்வால் அவதிப்பட்ட 29 பேரை எடுத்துக்கொண்டார்கள். பல மருந்து சாப்பிட்டும் பயன் காணாதவர்கள். அவர்களில் 14 பேருக்கு ஒரே ஒரு முறை அயவாஸ்கா கொடுத்தார்கள். மற்ற 15 பேருக்குப் போலிக் கஷாயம். போலி என்றால் சும்மா தண்ணீர் அல்ல. பழுப்பு நிறம், கசப்பு, புளிப்பு எல்லாம் சேர்த்து, கொஞ்சம் குமட்டலும் வரும்படி துத்தநாக உப்பைக் கலந்து தயாரித்தது! யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது.

முதல் நாள் பார்த்தபோது இரண்டு தரப்பிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் குணம் தெரிந்தது. போலி குடித்தவர்களுக்கும்தான்! யாராவது நம்மைக் கவனித்துக்கொள்கிறார்கள் என்ற நம்பிக்கைக்கே அவ்வளவு சக்தி. ஆனால் ஏழாம் நாள் வித்தியாசம் தெரிந்தது. அயவாஸ்கா குடித்தவர்களில் 100-க்கு 64 பேருக்கு நோய் பாதிக்குமேல் தணிந்திருந்தது. போலி குடித்தவர்களில் 27 பேருக்குத்தான்.

ஆகவே கஷாயத்தில் சத்து இருக்கிறது. அதை மறுக்க முடியாது. ஆனால் 29 பேர் என்பது சின்னக் கணக்கு. ஏழு நாள் என்பது சின்னக் காலம். ஒன்றையும் கவனிக்க வேண்டும். அந்த நோயாளிகள் சாப்பிட்டு வந்த மனச்சோர்வு மாத்திரைகளை டாக்டர்கள் முன்கூட்டியே நிறுத்தி, உடம்பிலிருந்து அவை போகும் வரை காத்திருந்தார்கள். காத்திராவிட்டால் என்ன ஆகும்?

கட்டிப்போட்ட காவல்காரன் நினைவிருக்கிறதல்லவா? மூளையிலுள்ள ஸெரடோனின் என்ற பொருளையும் கட்டுக்குள் வைப்பவன் அவன்தான். மனச்சோர்வுக்கு இப்போது டாக்டர்கள் கொடுக்கும் மாத்திரைகள் பல, ஸெரடோனினைப் பெருக்குபவை. இரண்டும் ஒரே சமயத்தில் சேர்ந்தால் அது அளவுமீறி, காய்ச்சலும் நடுக்கமும் வலிப்பும் கண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம். 1998-லேயே ஆராய்ச்சியாளர்கள் இதை எச்சரித்தார்கள். இருதய நோய் உள்ளவர்களுக்கும், சித்தப் பிரமை உள்ளவர்களுக்கும் இது ஆகாது.

காட்டில் இந்த மாத்திரை இல்லை. ஆனால் விமானத்தில் வருகிறவரின் பையில் இருக்கிறது!

விமானத்தில் வரும் நோயாளிகள்

பெருவில் இகிடோஸ் என்ற நகரம். தலைநகரிலிருந்து அதற்குச் சாலை கிடையாது. ஆற்றில் போக வேண்டும் அல்லது ஆகாயத்தில் போக வேண்டும். அந்த ஊரைச் சுற்றிக் காட்டுக்குள் விடுதி விடுதியாக எழும்பியிருக்கின்றன. மனச்சோர்வு, குடிப்பழக்கம், போர்க்களத்தில் பட்ட மனக்காயம், புத்திர சோகம் என்று எத்தனையோ துக்கங்களைச் சுமந்துகொண்டு வெள்ளையர்கள் வருகிறார்கள். வெறும் வேடிக்கை பார்க்க வருபவர்களும் உண்டு. டாலரில் கட்டணம்.

நல்ல விடுதிகள் இல்லாமல் இல்லை. வந்தவரின் நோய், சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் விசாரித்து, ஆகாது என்றால் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். தரப்போத்தோ நகரில் பிரெஞ்சு டாக்டர் ஒருவர் 1992-ல் தொடங்கிய ‘தகிவாசி’ என்ற நிலையம், போதைக்கு அடிமையானவர்களை மாதக்கணக்கில் தங்கவைத்து, பத்தியம், மூலிகை, மனோதத்துவ சிகிச்சை எல்லாம் சேர்த்துக் கவனிக்கிறது. அயவாஸ்கா அதில் ஒரு பகுதிதான்.

ஆனால் டாலர் வரும் இடத்தில் போலியும் வரும். ஆறு மாதம் சடங்கு பார்த்துவிட்டு, இறகுக் கிரீடம் சூட்டிக்கொண்டு ‘வைத்தியர்’ ஆகிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். காட்சி பலமாக வர வேண்டும் என்று ஊமத்தைக்கு உறவான விஷச் செடியைக் கலந்துவிடுகிறார்கள். இருட்டில் மயங்கிக் கிடக்கும் பெண்களிடம் தகாத முறையில் நடந்த கயவர்களும் உண்டு. துணிந்து வெளியே சொன்ன பெண்கள் பலர்.

2012-ல் அமெரிக்க இளைஞன் ஒருவன், வயது 18, பெருவில் இப்படி ஒரு விடுதிக்குப் போனான். திரும்பவில்லை. அவனாகவே வெளியேறிவிட்டான் என்றார்கள். தாய் தேடிக்கொண்டு வந்தாள். கடைசியில், கஷாயம் குடித்த இரவில் அவன் இறந்துவிட்டதும், உடலை ரகசியமாகப் புதைத்துவிட்டதும் அம்பலமாயிற்று.

எதிர்ப் பக்கத்திலும் ஒரு சாவு. ஷிபிபோ மக்களின் மூதாட்டி ஒலிவியா அரேவாலோ. வயது 81. இகாரோப் பாட்டுகளின் பொக்கிஷம் என்று அவருடைய மக்கள் போற்றிய வைத்தியர். 2018-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், தம் ஊரில், வீட்டருகே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த வைத்தியத்தைக் கற்பதற்கென்று கனடாவிலிருந்து வந்திருந்த ஒருவன்மேல் ஊராருக்குச் சந்தேகம். போலீசாருக்குக் காத்திராமல், அவனைப் பிடித்து அடித்து இழுத்துக் கொன்றுவிட்டார்கள். குணம் தேடி வந்தவனும் பிணம். குணம் தரும் பாட்டு தெரிந்தவரும் பிணம்!

வைத்தியர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. 1999-ல் கொலம்பியாவின் யுராயாகோ என்ற ஊரில் பல இனங்களின் யாஹே வைத்தியர்கள் ஒன்று கூடினார்கள். கொடியையும் கஷாயத்தையும் வெளியார் கடைச்சரக்காக ஆக்குவதைக் கண்டித்தார்கள். அதோடு நிற்கவில்லை. தங்களுக்குள்ளேயே பணத்துக்காகக் கெட்டுப் போகிறவர்கள் இருப்பதையும் ஒப்புக்கொண்டு, யார் வைத்தியம் செய்யலாம், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தங்களுக்கு விதிகள் வகுத்துக்கொண்டார்கள். டாக்டர்களுக்குச் சங்கமும் சட்டதிட்டமும் இருப்பதைப் போல!

பிரேஸிலும் 2010-ல் ஓர் ஏற்பாடு செய்தது. கஷாயத்தை வழிபாட்டுக்குக் காய்ச்சலாம். விற்கக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது. ஒவ்வொரு சபையும் தனக்கு வேண்டிய கொடியையும் இலையையும் தானே பயிரிட்டுக்கொள்ள வேண்டும் என்பது நோக்கம். காட்டிலிருந்து வெட்டி எடுத்துக்கொண்டே போனால் கொடி எத்தனை நாளைக்கு இருக்கும்? நட்ட கொடி வெட்டும் பருவத்துக்கு வரச் சில ஆண்டுகள் ஆகிவிடும்.

சாந்தோ தைமே சபையில் காய்ச்சும் நாளே ஒரு திருவிழா. பெண்கள் கூடி உட்கார்ந்து ஒவ்வொரு இலையாகத் துடைத்துச் சுத்தம் செய்கிறார்கள். ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து, மரக்கட்டையால் கொடியைத் தாளம் தப்பாமல் நசுக்குகிறார்கள். அடுப்பு இரவும் பகலும் எரிகிறது. பாட்டும் நிற்பதில்லை.